ஒலிம்பியா: வீட்டு ஒலிப்பதிவால் பெயரெடுத்த ஊர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குத் தலைநகர் எது என்று கேட்டால், பலரும் சியாட்டில் என்பார்கள். தலைநகர் ஒலிம்பியா. சியாட்டிலிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரம். பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழி தெற்கே வந்து முடிகிற இடம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 55,000-ஐச் சற்றே தாண்டும். மேட்டில் 287 அடி உயரக் குவிமாடத்தோடு 1928-இல் கட்டி முடித்த சட்டமன்றக் கட்டடம், சுற்றிலும் அரசு அலுவலகங்கள், கீழே படகுத்துறை, உழவர் சந்தை. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை. அதில் பெரும்பகுதி குளிர்கால மாதங்களில் தூறலாகவே இறங்கித் தீரும்.

ஊர்ப்பெயரை முதலில் வெளியுலகுக்குக் கொண்டுபோனது பீர். பக்கத்து ஊரான டம்வாட்டரில் 1896-இல் தொடங்கிய ஆலை, எங்கள் சுவைக்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான் என்று விளம்பரம் செய்தே ஒலிம்பியா பீரை விற்றது. 2003-இல் ஆலையை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே ஊர்ப்பெயர் வேறொரு வழியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது: வீட்டில் பதிவுசெய்து, வீட்டிலேயே படியெடுத்து, தபாலில் அனுப்பிய கேசட்டுகள். இன்று தன் ஊர்க் குழுக்களின் பாட்டைத் தொகுத்து வீட்டு மேசையிலிருந்து பாட்காஸ்ட் செய்கிறவர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரு பூர்விகம் சொல்ல வேண்டுமானால், நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன்.

கிரேடு இல்லாத கல்லூரி, விதி உள்ள வானொலி

ஊருக்கு வடமேற்கே காட்டுக்குள் இருக்கிறது எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி. 1971-இல் வகுப்புகள் தொடங்கின. அரசுக் கல்லூரிதான், ஆனால் மதிப்பெண் கிடையாது, கிரேடு கிடையாது. மாணவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று ஆசிரியர் விரிவாக எழுதித் தருவார். மற்றக் கல்லூரிகள் சிங்கத்தையும் புலியையும் சின்னமாக வைத்துக்கொள்ள, இவர்கள் அந்தக் கடற்கரைச் சேற்றில் கிடைக்கும் கூயிடக் என்ற நீள்கழுத்து மட்டியை வைத்துக்கொண்டார்கள். வேறெங்கும் ஒட்டாத பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

கல்லூரி வளாகத்தில் இயங்கும் வானொலி நிலையம் கேயாஸ், 89.3 எஃப்.எம்., 1973-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தலாம். எழுபதுகளின் பிற்பகுதியில் அதன் இசைப் பொறுப்பாளராக இருந்த ஜான் ஃபாஸ்டர் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: ஒலிபரப்பாகும் இசையில் 80 சதவீதம் பெருநிறுவனங்களைச் சாராத சிறு லேபிள்களின் இசையாக இருக்க வேண்டும். பாட்டு எந்த வகை என்பது இரண்டாம் பட்சம். இந்த ரெக்கார்டு யாருக்குச் சொந்தம் என்பதே முதல் கேள்வி. ஜாஸ், நாட்டுப்புறம், பங்க், எதுவானாலும் இதே அளவுகோல்.

விதி போட்டுவிட்டால் நேரத்தை நிரப்ப வேண்டுமே! தெரியாத ஊரின் தெரியாத குழுக்களைத் தேடியே ஆக வேண்டும். ஃபாஸ்டரும் நண்பர்களும் 1979-இல் ‘ஆப்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஒவ்வோர் இதழுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகள், கூடவே சிறு வெளியீடுகளுக்கு மதிப்புரைகள், தொடர்புகொள்ள முகவரிகள். 26 எழுத்தும் முடிந்ததும், 1984-இல், திட்டமிட்டபடி பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள்.

தபாலில் போன ஊர்கள்

அதே கல்லூரியில் படித்த புரூஸ் பேவிட் 1980-இல் ‘சப்டெரேனியன் பாப்’ என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தார். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்தான் இசை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. நடு அமெரிக்காவின் சின்ன ஊர்களில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதை வட்டாரம் வட்டாரமாக எழுதினார். இந்தச் சிற்றிதழ் வேலைக்கே கல்லூரியில் பாட மதிப்பும் கிடைத்தது. சில இதழ்களை அச்சுக்குப் பதில் கேசட்டாகவே வெளியிட்டார். ஐந்தாம் இதழ் அப்படித்தான் 1982-இல் வந்தது. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, குறிப்பு எழுதி, ஓர் இதழாகக் கேட்பவர் கைக்கு அனுப்புவது. இன்றைய இசைப் பாட்காஸ்டின் ஓர் அத்தியாயத்துக்கும் இதற்கும் அனுப்பும் வழியைத் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. பேவிட் பிறகு சியாட்டிலுக்குப் போனார். சுருக்கிய பெயரோடு அந்தச் சிற்றிதழ் ‘சப் பாப்’ லேபிளாக வளர்ந்து, 1989-இல் நிர்வாணா குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

ஊரிலேயே தங்கியவர் கால்வின் ஜான்சன். பள்ளி மாணவனாகவே கேயாஸ் நிலையத்தில் நிகழ்ச்சி செய்யத் தொடங்கியவர். 1982-இல் நண்பர்களின் குழு ஒன்றைப் பதிவுசெய்து கேசட்டாக வெளியிட, ‘கே’ என்ற ஒற்றை எழுத்தில் லேபிள் தொடங்கினார். ஹெதர் லூயிஸ், பிரெட் லன்ஸ்ஃபோர்ட் ஆகியோருடன் அவர் வாசித்த பீட் ஹாப்பனிங் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் அடுத்த பாட்டுக்குக் கிட்டாரை எடுப்பார். சுருதி கொஞ்சம் விலகும், தாளம் தடுக்கும். அதைக் கேட்ட பிள்ளைகளுக்கு, இவ்வளவு போதுமென்றால் நாமும் வாசிக்கலாமே என்று தோன்றியது. பின்னர் ஜான்சன் தன் வீட்டு நிலவறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கினார். பெக் என்ற பாடகரின் ‘ஒன் ஃபுட் இன் தி கிரேவ்’ ஆல்பத்தை 1994-இல் கே வெளியிட்டது. அதன் ஒலிப்பதிவு அந்த நிலவறையில்தான் நடந்தது.

1991 ஆகஸ்டில், ஊரின் பழைய கேபிடல் தியேட்டரை மையமாக வைத்து ஆறு நாள் இசைக் கூடுகை ஒன்றை கே நடத்தியது. பெருநிறுவன ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்று அழைப்பிலேயே அறிவித்தார்கள். முதல் இரவு முழுக்கப் பெண்களுடையது. சிற்றிதழும் இசையும் ஒன்றாகக் கலந்த ‘ரயட் கேர்ள்’ இயக்கத்துக்கு அந்த இரவு ஒரு திருப்புமுனை. அதன் முகமான பிகினி கில் குழுவைச் சேர்ந்த கேத்லீன் ஹன்னா, டோபி வெய்ல் இருவருமே எவர்கிரீனில் படித்தவர்கள். ஸ்லிம் மூன் தொடங்கியிருந்த ‘கில் ராக் ஸ்டார்ஸ்’ லேபிள் ஊர்க் குழுக்களின் தொகுப்பு ஒன்றைக் கையால் அச்சிட்ட அட்டையோடு அங்கே விற்பனைக்கு வைத்தது. அடுத்த மாதமே நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஒரு பெருநிறுவனத்தின் பெயரில் வெளிவந்து உலகைச் சுற்றியது. அதன் பாடல்களில் பலவற்றைக் கர்ட் கோபேன் எழுதியது ஒலிம்பியாவில் குடியிருந்தபோது. அவர் கையில் கே லேபிளின் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தார்.

ஊருக்குக் குறை இல்லாமலில்லை. யார் உண்மையான சுயாதீனர், யார் விலைபோனவர் என்று அளந்து பார்க்கிற குணம் இங்கே அதிகம். ஹோல் என்ற குழு 1994-இல் தன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஒலிம்பியாக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று கிண்டலடித்தது. பெரும்பாலும் வெள்ளையர்கள், கல்லூரிப் படிப்பு உள்ளவர்கள் என்ற விமர்சனமும் நியாயமானதே. நண்பர்களை நண்பர்களே பதிவுசெய்து நண்பர்களுக்கே அனுப்பும்போது வட்டம் சுருங்கத்தான் செய்யும். ஊர்க் குழுக்களை வைத்துப் பாட்காஸ்ட் செய்கிற எவரும் முதலில் சறுக்குகிற இடமும் இதுதான்.

யாருக்குச் சொந்தம்?

பாட்காஸ்ட் 2004 வாக்கில் உருவெடுத்து, 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் சேர்த்தபின் பரவியது. அப்போது ஃபாஸ்டரின் பழைய கேள்வி சட்டத்தின் வடிவில் திரும்பி வந்தது. அமெரிக்க வானொலி நிலையம் பாடலாசிரியர் சங்கங்களுக்கு மொத்தமாகக் கட்டணம் கட்டிவிட்டு எந்த ரெக்கார்டையும் போடலாம். பாட்காஸ்டில் அது செல்லாது. பாட்டின் ஒரு படி கேட்பவரின் கருவியில் போய்த் தங்குவதால், பாட்டை எழுதியவரிடமும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். பிரபலமான பாட்டுக்கு இது வீட்டிலிருந்து செய்கிறவரின் கைக்கு எட்டாது. சொந்தமாக எழுதிச் சொந்தமாகப் பதிவுசெய்த உள்ளூர்க் குழுவிடமோ இரண்டு உரிமையும் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு மின்னஞ்சலில் வேலை முடிந்துவிடும். பிறர் பாட்டை அவர்கள் திரும்பப் பாடியிருந்தால் மட்டும் எழுதியவரின் உரிமை குறுக்கே நிற்கும். வீட்டுப் பாட்காஸ்டுகள் ஊர்க் குழுக்களை நாடியதற்கு ஊர்ப்பற்று பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி.

மற்றதெல்லாம் எளிது. ஒரு மைக், இலவச மென்பொருளான ஆடாசிட்டி, எதிரொலியை உறிஞ்ச துணிகள் தொங்கும் அலமாரிப் பக்கம் ஓர் இருக்கை போதும். பாட்டின் மேல் பேசக்கூடாது. பாட்டு முடிந்ததும் குழுவின் பெயரையும் அடுத்து எங்கே வாசிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆப்’ முகவரி அச்சிட்டதைப் போல, அத்தியாயக் குறிப்பில் குழுவைச் சென்றடையும் வழி இருக்க வேண்டும். எத்தனை அத்தியாயம் என்று முன்கூட்டியே ஓர் எல்லை வைத்துக்கொள்வதும் அந்தப் பத்திரிகையிடம் கற்கத்தக்கது. பாதியில் சோர்ந்து நின்றுபோன தொடரைவிட, சொன்ன இடத்தில் முடித்த தொடருக்கு மதிப்பு அதிகம்.

எங்கள் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி குழு எதுவும் இல்லையே என்று தயங்குகிறவர்கள் ஒலிம்பியாவின் வரிசையைப் பார்க்க வேண்டும். வானொலி விதியும் பத்திரிகையும் எழுபதுகளில் வந்துவிட்டன. பீட் ஹாப்பனிங்கும் பிகினி கில்லும் அதற்குப் பின்னால்தான் வந்தன. தம்மைக் கேட்கவும், எழுதவும், ஒலிபரப்பவும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஊரில் பிள்ளைகள் கிட்டாரை எடுத்தார்கள்.