நான் எழுதிய 'இல்லை'

அந்த அம்மாவின் கேஸ் ஷீட்டில் 'ஒவ்வாமை: இல்லை' என்று எழுதியது நான்தான். மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டேன். "மருந்தெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க டாக்டர். கவரிங் கம்மல்தான் ஆகாது, காது புண்ணாயிடும். ஊக்கு பட்ட இடங்கூட அரிக்கும்" என்றார். தலையாட்டிக்கொண்டே 'இல்லை' என்று எழுதினேன்.

கவரிங் நகையில் காதைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நிக்கல். கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்த அவர் எலும்பில் நான் வைத்துத் திருகியது 316எல் ரக எஃகு பிளேட். அதில் நூற்றுக்கு 13 முதல் 15 பங்கு நிக்கல். படிக்கிற காலத்திலேயே எனக்குத் தெரிந்த சங்கதி இது.

சில மாதங்களில் பிளேட்டுக்கு மேலே தோல் சிவந்து, அரித்து, நீர் கசிந்தது. கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தேன். உலோகம் வைத்த இடத்தில் முதலில் தேட வேண்டியது கிருமியைத்தான், அதில் தவறில்லை. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று வந்த பிறகும் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு அப்படியே இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. "சொன்ன பேச்சைக் கேட்காமல் உங்கள் இட்லிக் கடையில் போய் நின்றீர்களா?" என்று மகன் முன்னால் அவரை அதட்டினேன். அவர் காலை ஊன்றவே இல்லை. என் வேலையில் குறை இருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பழியை அவர் மேல் போட்டேன்.

கடைசியில் தோல் மருத்துவர் அவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டினார். 48 மணி நேரம் கழித்துப் பிரித்தபோது நிக்கல் வைத்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. பென்சிலின் ஒவ்வாமைபோல நிமிடங்களில் காட்டிவிடுவதல்ல இது. ரத்தத்தின் டி செல்கள் மெல்லத் திரண்டு காட்டும் எதிர்ப்பு. பிளேட்டை எடுத்துவிட்டு டைட்டேனியம் பொருத்தினேன், இடுப்பெலும்பிலிருந்து துகள் எடுத்து நிரப்பினேன். தோல் ஆறியது, பிறகு எலும்பும் கூடியது.

நிக்கல்தான் எலும்பைக் கூடவிடவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த இடத்து எலும்புக்கு ரத்த ஓட்டமே குறைவு. நிக்கல் ஆகாத பலருக்கு எஃகு பிளேட் எந்தத் தொல்லையும் தருவதில்லை. எல்லாருக்கும் பேட்ச் டெஸ்ட் தேவையும் இல்லை. ஆனால் இந்த நியாயங்களுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. அவர் சொன்னதை எழுதியிருந்தால், டைட்டேனியம் பற்றி முதலிலேயே பேசியிருப்போம். விலை கூடுதல்தான்; அதை யோசித்து முடிவு சொல்லும் உரிமை அவருடையது. அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். அது அவருடைய பெருந்தன்மை.

எலும்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்களே, கவரிங் நகையோ வாட்ச் செயினோ பெல்ட் பக்கிளோ உங்கள் தோலுக்கு ஆகாது என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சொன்னதை அவர் எழுதிக்கொண்டாரா என்றும் பாருங்கள்.