இரண்டு சோதனைகளுக்கு நடுவே

உறுப்பு மாற்று சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் ஆம்புலன்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. 2008 செப்டம்பரில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த கதையைச் சென்னையில் ஆட்டோ ஓட்டுநர்கூடச் சொல்வார். பெரிய காரியம்தான். ஆனால் அப்படியொரு வண்டி கிளம்புவதற்கு முன்னால், ஐசியுவில் ஓர் இரவோ ஒரு பகலோ கழிந்திருக்கும். மயக்கவியல் படித்துவிட்டு ஐசியுவில் காலம் தள்ளும் என்னைப் போன்றவர்களின் வேலை அங்கேதான். ஒரு சிறுநீரகம் இன்னொருவர் உடலில் ஓடுமா ஓடாதா என்பது பாதிக்கு மேல் அந்த நேரத்தில் முடிவாகிவிடுகிறது என்பது என் கணிப்பு.

தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது; வீக்கம் கீழே இறங்கி மூளைத்தண்டை நெரிக்கும். அந்தக் கட்டத்தில் உடல் அட்ரினலினைக் கொட்டித் தீர்க்கும். பிபி எகிறும், இதயம் தறிகெட்டு ஓடும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து பிபி விழும். பிட்யூட்டரி நின்றுபோவதால், சிறுநீரைக் கட்டுக்குள் வைக்கும் வாசோபிரெசின் சுரக்காது. சிறுநீர்ப் பையை மாற்றி மாளாது. தண்ணீர் போகப் போக ரத்தத்தில் சோடியம் ஏறும். அது 155ஐத் தாண்டினால் கல்லீரல் குழு யோசிக்க ஆரம்பித்துவிடும். வெப்பத்தைக் காக்கும் ஹைபோதாலமஸும் போய்விட்டதால், ஏசி அறையில் உடல் ஆறிக்கொண்டே வரும்.

நேற்றுவரை வீக்கத்தை வடிக்க மானிட்டால் போட்டு உடலை வறளவைத்தோம். இன்று, மூளைச்சாவுக்குப் பிறகு, அதே உடலுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறோம். புதிதாக வரும் சிஸ்டர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். இறந்துவிட்டார் என்று அறிவித்தவருக்கு எதற்கு மணிக்கொரு சாம்பிள் என்று அவர்கள் முகம் கேட்கும். எங்களுக்கு எளிதாக ஒரு கணக்கு உண்டு: மேல் பிபி 100, மணிக்குச் சிறுநீர் 100 மில்லி, ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100, லிட்டருக்கு ஹீமோகுளோபின் 100 கிராம். இவை நான்கும் கைக்குள் இருந்தால் உறுப்புகள் பிழைக்கும்.

இந்தத் துறையில் பழக்கதோஷம் அதிகம். இதயம் நன்றாக வேலை செய்யட்டும் என்று தைராக்சின் ஏற்றுவது பல நாடுகளில் வழக்கமாகவே இருந்தது. 2023இல் அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட கொடையாளர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். அதனால் மாற்றுக்குப் போன இதயங்கள் கூடவில்லை. 2015இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. மூளைச்சாவு உறுதியான பிறகு உடலை 34–35 டிகிரியில் வைத்தார்கள். மாற்றிய பிறகு உடனே வேலை செய்யாமல் டயாலிசிஸில் கொண்டுவிடும் சிறுநீரகங்கள் 39 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தன. செலவே இல்லாத வைத்தியம். எடுத்த சிறுநீரகத்தைத் திரவம் ஓடும் இயந்திரத்தில் வைப்பது இதைவிட மேல் என்று 2023இல் நிரூபித்துவிட்டார்கள். சரிதான், இயந்திரம் இருக்கிற ஊரில்.

ஆனால் சோதனை முடியும்வரை உடலைக் குளிரவிடக் கூடாது. உடல் குளிர்ந்திருந்தால் மூளைத்தண்டுச் சோதனையை நம்ப முடியாது. நம் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர்கூட உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். அதில் மூச்சுச் சோதனைதான் கடைசி. வென்டிலேட்டரை விலக்கி, குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் விட்டு, நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்போம். எட்டு, பத்து நிமிடம். கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தாண்டியும் மூச்சு இழுக்கவில்லை என்றால் மூளைத்தண்டு செத்துவிட்டது. வீட்டார் யாராவது விரும்பினால் பக்கத்தில் நிற்கவைப்பேன். நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தப் பத்து நிமிடம் புரியவைத்துவிடும்.

"உடம்பு சூடா இருக்கே டாக்டர்?" என்று கேட்காத அப்பா இல்லை. "அந்தச் சூடு நாங்க போட்டிருக்கிற போர்வையோட சூடுங்க ஐயா. நெஞ்சு ஏறி இறங்குறது மெஷினால" என்று அப்படியே சொல்லிவிடுவேன். சுற்றி வளைத்தால் நம்பிக்கை துளிர்க்கும்; பிறகு அதை நாமே கிள்ள வேண்டி வரும். தானத்தைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அது ஒருங்கிணைப்பாளரின் வேலை, அதுவும் அவர்கள் அழுது முடித்த பிறகு.

ஒருமுறை ஒரு மாமா கேட்டார்: "தானம் கொடுத்தாத்தான் செத்தவரா சார்? வேண்டாம்னா உசிரோட இருக்காரா?" நியாயமான கேள்வி. நம் நாட்டில் மூளைச்சாவைப் பற்றி விரிவாகப் பேசுவது 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம்தான். குடும்பம் மறுத்துவிட்டால் வென்டிலேட்டரை எடுப்பதா வேண்டாமா என்று மருத்துவமனைகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம்தான் சந்தேகத்தை வளர்க்கிறது.

வெளியே உலகம் வேகமாகப் போகிறது. சூரிக்கில் ஒரு கல்லீரலை மூன்று நாள் இயந்திரத்தில் உயிரோடு வைத்திருந்து, 2021இல் ஒருவருக்குப் பொருத்தினார்கள். 2024 மார்ச்சில் பாஸ்டனில், 69 மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தை ஒருவருக்கு வைத்தார்கள். அவர் ஏறக்குறைய இரண்டு மாதம் வாழ்ந்தார். படிக்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. நம் மாநில அரசும் 2023 முதல் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்துகிறது. அது கிராமத்து மனிதர்களின் பார்வையை மாற்றியிருப்பதை நான் வார்டில் பார்க்கிறேன்.

ஆனால் விபத்தில் அடிபட்டவர்கள் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் ஏபிஜி மெஷினில் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனால் மூச்சுச் சோதனை கிடையாது. சோதனை இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் தானமும் இல்லை. பெரிய இயந்திரங்கள் வரும்போது வரட்டும். அதற்கு முன், டீன்களும் இணை இயக்குநர்களும் எல்லா ஐசியுவிலும் மூன்று பொருள் எந்நேரமும் இருக்கும்படி செய்யுங்கள்: கார்ட்ரிட்ஜ் தீராத ஏபிஜி மெஷின், வாசோபிரெசின், உடலைச் சூடாக்க ஒரு போர்வை.