ஓட்டை மாற்றிப் பார்!

யோசனை செய்கிறவர்கள் மோட்டுவளையைப் பார்ப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். பாட்டு எழுதுகிறவர்கள் பார்க்கிறார்கள், கணக்குக்கு விடை தெரியாத மாணாக்கர்கள் பார்க்கிறார்கள், கடன்பட்டவர்களும் பார்க்கிறார்கள். சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில் நாமும் மூன்று இரவுகள் இமை கொட்டாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யோசனை ஒன்றும் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது.

கூடத்தில் அண்டா, அடுப்பங்கரையில் குண்டான், படுக்கையருகே பால் செம்பு என்று வீட்டிலுள்ள பாத்திரங்கள் எல்லாம் உத்தியோகம் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் 'டொக், டொக்' என்று இசைத்த அந்தக் கச்சேரியை ரசிக்கும் மனநிலை நமக்கு இல்லை. திருத்துவதற்குக் கொண்டுவந்த விடைத்தாள்கள் நனைந்து, தவறான விடைகளும் சரியான விடைகளும் ஒன்றாய்க் கலந்துபோயின. 'இனிப் பொறுப்பதில்லை, ஓட்டை மாற்றியே தீருவது' என்று குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், ஓட்டை மாற்றிப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நம் வீடு தஞ்சை ஜில்லாவில், பாட்டனார் காலத்து மங்களூர் ஓட்டு வீடு. இந்த ஓட்டின் வரலாறு சுவையானது. ஜெர்மனியிலிருந்தும் ஸ்விட்ஜர்லாந்திலிருந்தும் வந்த பாசல் மிஷன் பாதிரிமார்கள், நேத்ராவதி, குருபுரா ஆற்றங்கரைக் களிமண்ணின் உயர்வைக் கண்டு, 1860-க்குப் பின் மங்களூரில் ஓட்டுத் தொழிலைத் தொடங்கினார்கள். நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்று சும்மா படுத்திருக்கும். மங்களூர் ஓடோ ஒன்றின் விளிம்பை மற்றொன்றின் பள்ளத்தில் கோத்துக்கொண்டு நிற்கும். வந்தது அயல்நாட்டு யோசனை. மண்ணும் உழைப்பும் நம் நாட்டினுடையவை. விரைவிலேயே நம்மவர்களும் ஆலை வைத்தார்கள். இப்போது அதை அயல்நாட்டுச் சரக்கு என்று யாரும் நினைப்பதில்லை.

ஆனால் எவ்வளவு உயர்ந்த ஓடானாலும், அதன்மேல் நாள்தோறும் குரங்குகள் ஊர்வலம் போனால் என்ன செய்யும்? தை பிறந்ததும் காண்டிராக்டர்களைத் தேடிப் புறப்பட்டோம். மழைக்கு நடுவில் விலை கேட்பது வெள்ளம் வந்தபின் அணை கோலுவதாகும் என்கிற அளவுக்கு நமக்கு ஞானம் இருந்தது. அதற்குமேல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் காண்டிராக்டர் தெருவில் நின்றபடியே தலையை அண்ணாந்து பார்த்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். "ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இரண்டாமவர் ஒரு மேஸ்திரி. அவர் ஏணி கேட்டு மேலே ஏறி, அரை மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் ஒட்டடையுடன் இறங்கி வந்து, "ஒரு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரம் ஆகும், சார்" என்றார். மூன்றாமவர் அச்சடித்த தாளில் மூன்று பக்கம் அனுப்பினார். அதன் கடைசியில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்றிருந்தது. சரக்கு சேவை வரி தனி என்று அடியில் பொடி எழுத்தில் கண்டிருந்தது.

ஒரே வீடு, ஒரே கூரை, மூன்று விலை! முதலாமவர் உத்தமர், மூன்றாமவர் கொள்ளைக்காரர் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லியாயிற்று. முன்பணம் எண்ணி வைக்கவேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் தெருக்கோடியில் இருக்கும் தச்சு ஆசாரியார் ஒருவர் வேறு காரியமாக வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். மூன்று விலைகளையும் அவரிடம் சொன்னோம்.

"வாத்தியாரய்யா, மூவரும் எந்த வேலைக்கு விலை சொன்னார்கள்?" என்று கேட்டார்.

"கூரையை மாற்றுவதற்குத்தான்."

"ஓட்டை மட்டுமா? ரீப்பரையும் சேர்த்தா? கைமரத்துக்கு வழி என்ன? பழைய தேக்கு யாருக்கு?"

நாம் விழித்தோம். "பரீட்சையில் ஆளுக்கு ஒரு கேள்வி கொடுத்துவிட்டு, விடை ஒன்றாய் இல்லையே என்று கோபித்துக்கொள்வீர்களா?" என்றார் ஆசாரியார். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நமக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் ஒரு முழக்கயிறும் நோட்டுப் புத்தகமுமாக நாமே அளக்கத் தொடங்கினோம். தாழ்வார இறக்கத்தையும் சேர்த்து வீட்டின் அகலம் 24 அடி, நீளம் 30 அடி. பெருக்கினால் 720 சதுர அடி. கூரைக்காரர்கள் கணக்கில் 100 சதுர அடி ஒரு சதுரமாகையால் 7.2 சதுரம். ஆனால் ஓடு தரையில் பரப்புவதில்லையே! சுவர் மட்டத்திலிருந்து மோடு 9 அடி உயரம். பாதி அகலம் 12 அடி. ஆகவே சரிவின் நீளம் 15 அடி. எட்டாம் வகுப்பில் நாம் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதும் முக்கோணம்தான் நம் தலைக்குமேல் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறது! இரண்டு சரிவும் சேர்ந்து 900 சதுர அடி, அதாவது 9 சதுரம். சதுரத்துக்கு ஏறக்குறைய 150 ஓடு வீதம் 1,350 ஓடுகள். ஓடு ஒன்று இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆகவே நம் தலைக்குமேல் கிட்டத்தட்ட மூன்று டன் பாரம். அதைத் தாங்கும் ரீப்பர் கனமாயிருக்கவேண்டுமா, சன்னமாயிருக்கலாமா என்பது அற்ப விஷயமல்லவென்று அப்போது தெரிந்தது. முதல் காண்டிராக்டர் 7.2 சதுரத்துக்கே விலை சொல்லியிருந்தார் என்பதும் தெரிந்தது. பாதி வேலை நடந்தபின் மீதிச் சதுரத்துக்கு அவர் கை நீட்டியிருப்பார். கூரை திறந்து கிடக்கும்போது நாம் மறுக்கவா முடியும்?

ஆசாரியார் மேலே ஏறி ஓடுகளைச் சுண்டிப் பார்த்தார். நல்ல ஓடு கணீரென்கிறது. விரிசல் விட்டது பொத்தென்கிறது. மூன்றில் இரண்டு பங்கு இன்னும் திடமாயிருந்தது. ஒழுகலுக்குக் காரணம் முக்கியமாக வளைந்துபோன ரீப்பர்களும், பெயர்ந்துபோன முகட்டுச் சுண்ணாம்பும்தான். பழைய ஓட்டோடு புது ஓட்டைக் கலந்து போடவும் கூடாது. ஆலைக்கு ஆலை அச்சு மாறுவதால் பள்ளமும் விளிம்பும் பொருந்தமாட்டா. ஆகையால் தெருப் பக்கச் சரிவு முழுவதும் பழைய ஓடு, கொல்லைப் பக்கம் முழுவதும் புது ஓடு என்று ஏற்பாடு. புது ஓடு, உடைசலுக்கும் சேர்த்து 710 போதும்.

பிறகு ஒரு தாளில் எழுதினோம்: கூரை, சரிவில் அளந்து 9 சதுரம். ரீப்பர் முழுவதும் புதிது, இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குல கனம், கரையான் எண்ணெய் பூசியது. அடுப்பங்கரைப் பக்கத்துக் கைமரம் ஆறு மாற்றவேண்டும், மற்றவை அப்படியே. முகட்டோடு புதுச் சுண்ணாம்பில் பதிக்கவேண்டும். சாரம், வண்டிச் சத்தம், குப்பை அகற்றுதல் எல்லாம் விலையில் அடக்கம். நடுவில் மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாய் காண்டிராக்டர் பொறுப்பு. வரி உள்ளடக்கமா, தனியா என்று குறிக்கவேண்டும். கடைசியாக: கழற்றும் தேக்கும் மிஞ்சும் ஓடும் வீட்டுக்காரருக்கு.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் முதலாமவரின் முகம் வாடிற்று. பழைய தேக்குக்கு மரவாடியில் நல்ல விலை உண்டு. உளுக்காத கைமரங்களையும் கழற்றிக்கொண்டு, மலிவு மரம் வைத்துவிட்டுப் போவதாக அவர் உத்தேசம்! நமக்குச் சலுகை என்று தோன்றியது, நம் பாட்டனார் வாங்கிய தேக்கின் விலைதான். மூன்றாமவரோ எல்லா ஓட்டையும் எல்லாக் கைமரத்தையும் புதிதாக மாற்றவே விலை போட்டிருந்தார். நாம் அப்படிக் கேட்கவில்லை, கேட்கக்கூடாதென்றும் சொல்லவில்லை. ஒரே தாளை வைத்துக்கொண்டு மறுபடி மூவரும் சொன்ன விலைகள்: ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம், ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஒரு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரம். இப்போது வித்தியாசம் புரிந்துகொள்ளக்கூடியதாயிருந்தது. கொள்ளைக்காரர் என்று நாம் பட்டம் கட்டியவர் கொள்ளைக்காரருமல்ல.

நடுவிலை சொன்ன மேஸ்திரியையே தேர்ந்தெடுத்தோம். ஒட்டடையைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறிப் பார்த்தவர் அவர் ஒருவரே. அவர் ஓடு மாற்றிய இரண்டு வீடுகளுக்குப் போய் விசாரித்தபோது, இரண்டு மழைக்காலம் கழிந்தும் குறை இல்லையென்றார்கள்.

ஆயினும் பேரம் பேசாமல் கீரைக் கட்டுக்கூட வாங்கியறியாத பரம்பரையல்லவா நம்முடையது? "பதினையாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரி" என்றோம்.

அவர் கோபிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நம்மிடம் நீட்டினார். "குறைக்கலாம், சார். எதிலே என்று நீங்களே அடித்துக் கொடுங்கள். ஓட்டு விலை ஆலைக்காரர் கையில். மர விலை மரவாடியில். எனக்கு நிற்பது இவ்வளவு. கொத்தனார் கூலியைக் குறைத்தால் அவர் நாளைக்கே வேறு வேலைக்குப் போய்விடுவார். குறைத்தாலும் வாயைத் திறக்காதது சித்தாள் ஒருத்திதான்."

பென்சிலை வாங்கிய கை அசையவில்லை. பதினோரு வருஷங்களுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மாலை கண்முன் வந்து நின்றது.

அப்போது கொல்லையில் ஒரு கொட்டகை போட்டோம். கேட்டதில் மிகக் குறைந்த விலையையும் இன்னும் நாலாயிரம் அடித்துப் பேசி, அந்தச் சாமர்த்தியத்தை ஆசிரியர் அறையில் ஒரு வாரம் வர்ணித்தோம். வேலை முடியும் தருணத்தில் காண்டிராக்டர் மறைந்துவிட்டார். சனிக்கிழமை மாலை மூன்று பெண்கள் நம் திண்ணையருகே வந்து நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. ஆறு நாள் கூலி வரவில்லையென்றார்கள். "நாம் அவரிடம் பணம் கொடுத்தாயிற்று. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். நியாயமான பேச்சு என்றுதான் அன்று நினைத்தோம். அவர்கள் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். நாம் மிச்சப்படுத்திய நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

1935-ஆம் வருஷத்தில் அகில பாரத சர்க்கா சங்கம், நூற்கிறவர்களுக்கு வயிற்றுக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்று தீர்மானித்தது. கதர் விலை ஏறிவிடுமே, வாங்குகிறவர்கள் குறைந்துவிடுவார்களே என்ற அச்சம் அப்போதும் எழுந்தது. அதற்காக மகாத்மா பின்வாங்கவில்லை. மலிவான கதர் நூற்பவளின் பட்டினியில் நெய்யப்பட்டதானால், அது தேசத்துக்கு எதற்கு? இந்தப் பாடத்தை வகுப்பிலே நாம் எத்தனையோ முறை உணர்ச்சியுடன் நடத்தியிருக்கிறோம். நாடு 1947-இல் சுதந்திரம் அடைந்தது; கட்டட வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1994-இல் நல வாரியமும் ஏற்பட்டது. ஆனால் திண்ணையில் நிற்பவளுக்குச் சட்டத்தைக் காட்டிலும் அருகில் இருப்பது வீட்டுக்காரன் மனச்சாட்சி. அது அன்று கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தோம். விலை ஒரு லட்சத்து எண்பதாயிரமே என்று முடிவாயிற்று. ஆனால் தாளில் நம் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தோம். ஒன்று: பணம் தவணையாகத் தரப்படும்; சனிக்கிழமைதோறும் எல்லாருக்கும் கூலி நம் திண்ணையிலேயே, நம் எதிரிலேயே பட்டுவாடா ஆகவேண்டும். இரண்டு: பத்தில் ஒரு பங்கு, பதினெட்டாயிரம், முதல் பெருமழை வரையில் நம்மிடம் இருக்கும், ஒழுகாவிட்டால் மறுநாளே கொடுக்கப்படும். முதல் வரி அவர்களுக்குக் காப்பு, இரண்டாவது நமக்கு. மேஸ்திரி இரண்டுக்கும் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்.

நியாய விலை எது என்று கேட்கும் நேயர்களுக்கு நாம் கற்ற பாடம் இதுதான்: குறைந்த விலையும் நியாய விலையும் ஒன்றல்ல. வேண்டிய வேலை இன்னதென்று முதலில் நாமே தெரிந்து எழுதிக்கொண்டால் காண்டிராக்டர் நம்மை ஏமாற்ற இடமிராது. எழுதியபின் அந்த விலையில் யார் வயிறு அடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டால், நாம் பிறரை ஏமாற்றவும் இடமிராது. இரண்டாவதுதான் கஷ்டம்.

வைகாசியில் பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது. இந்த ஐப்பசியில் முதல் பெருமழை நள்ளிரவில் பிடித்துக்கொண்டது. நாம் விளக்கைப் போட்டு மோட்டுவளையைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அண்டாவுக்கு வேலை இல்லை. பொழுது விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி வாசலில் நின்றார். பணத்துக்காக அவசரப்பட்டு வந்துவிட்டார் போலும் என்று நம் பழைய புத்தி நினைத்தது. அவர் உள்ளே வந்து, நம்மைப் பாராமல், நேராக அண்ணாந்து மோட்டுவளையைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் போய் அடுப்பங்கரைக் கைமரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான், "ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை, சார்" என்றார்.