ஏணியில் ஏறப்போவது யார்?

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் ஒரு காலத்தில் கோடாலித் தைலம் கொண்டுவந்தார்கள். பிறகு டேப் ரிக்கார்டர், அப்புறம் செல்போன். இப்போது பெட்டியைத் திறந்தால் துணிமணிக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பேட்டரி கேமரா. "ஒயரே வேண்டாம், ரெண்டு ஸ்க்ரூ போதும்" என்று வாசல் நிலைக்கு மேலே மாட்டி, போனில் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, லீவு முடிந்து விமானம் ஏறிவிடுகிறார்கள். காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால், கேமரா கண்ணை மூடிக்கொண்டால் அழைப்பு எனக்குத்தான் வரும்.

ஒயர் கேமராவா, பேட்டரி கேமராவா என்று யோசனை கேட்பவர்கள் எத்தனை மெகாபிக்சல், இரவில் கலரில் தெரியுமா, என்ன விலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது வேறு. வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன வயது? ஏணியில் ஏறக்கூடியவர் யார்? ஒயர் கேமரா தன் தொல்லையை எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே கொடுத்துத் தீர்த்துவிடும்: சுவரில் துளை, கேசிங், தூசி, கூலி. பேட்டரி கேமரா அதே தொல்லையைப் பிரித்துப் பிரித்து வருஷக்கணக்கில் கொடுக்கும். ஒன்று ரொக்கம், மற்றது தவணை. அந்தத் தவணையைக் கட்டுவது வாங்கிக்கொடுத்த மகன் இல்லை, எழுபதைத் தாண்டிய அம்மா.

பெட்டியின் மேல் 'ஒரு சார்ஜில் ஆறு மாதம்' என்று அச்சடித்திருப்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 3.6 வோல்ட்டில் 36 வாட்-மணி. வைஃபையோடு சேர்த்துக் கேமரா 2 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓயாமல் விழித்திருந்தால் 18 மணி நேரத்தில் காலி. அப்புறம் ஆறு மாதம் எப்படி வரும்? தூங்கினால்தான் வரும். உடம்புச் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் மட்டும் அரைக்கண் திறந்திருக்கும். ஆள் நடமாடினால் அது கேமராவைத் தட்டி எழுப்பும். கேமரா எழுந்து, சில நொடி பதிந்து, மறுபடி படுத்துவிடும். ஆறு மாதம் என்பது நாளைக்குச் சில நிமிடம் மட்டும் விழித்திருக்கும் வாசலுக்குப் போட்ட கணக்கு. பால்காரர், பேப்பர், பூக்காரம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கேட் திறந்திருந்தால் நுழைந்துவிடும் ஆடு என்று இருக்கிற நம் வாசலில் அது எங்கே தாக்குப்பிடிக்கும்?

அந்த பிஐஆர் சென்சாருக்கு நம் வெயிலோடு ஒத்துப்போகாத குணம் ஒன்று உண்டு. அது ஆளைப் பார்ப்பதில்லை; சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அக்னி நட்சத்திர மதியத்தில் தளமும் மதிலும் உடம்புச் சூட்டைத் தொட்டு நிற்கும்போது, எதிரே ஆள் வந்தாலும் அதற்குச் சரியாகத் தெரியாது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம் அதுதான். இன்னொன்று, குறுக்கே போகிறவரை அது சட்டென்று பிடிக்கும். தன்னை நோக்கி நேரே வருகிறவரைத் தாமதமாகத்தான் உணரும். நம் வீடுகளில் கேட்டிலிருந்து வாசற்படிவரை நேர் நடை. வந்தவர் முகம் விட்டுப்போய், திரும்பிப்போகும் முதுகு மட்டும் பதிவாகியிருப்பதை நான் பல போன்களில் பார்த்துவிட்டேன். சோலார் தகடு வைத்தால் போதாதா என்பார்கள். உதவும்தான். ஆனால் லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மேற்கு வெயில் நேரே விழும் சுவரில் மே மாதத்தில் கேமராவைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

பக்கத்துத் தெருவில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. மோடம் முகப்பு அறையில் இருந்தது, பேட்டரி கேமரா பின்வாசலுக்கு மேலே. செங்கல்லும் சுண்ணாம்புமான கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை அங்கே போய்ச் சேரும்போது அதில் உயிரே இருக்காது. சிக்னல் மெலிந்தால் கேமரா ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பப் பார்க்கும். பேட்டரி அதிலேயே கரையும். ஒருநாள் நான் போனபோது ஆச்சி ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி, மறு கையால் கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி, விழுந்தா என்ன ஆகிறது?" என்று பதறிப் போனேன்.

"என்ன தம்பி பண்றது? ஆத்தா, கேமரா ஆஃப்லைன்ல இருக்கு, ஆஃப்லைன்ல இருக்குன்னு அவன் ராத்திரியெல்லாம் போன் போடுறான். அவனுக்குத் தூக்கம் வரலையாம்."

அம்மாவின் பாதுகாப்புக்கென்று வாங்கியது அம்மாவை ஸ்டூலில் ஏற்றியிருக்கிறது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். மகன் மேல் தப்பில்லை; அவனுக்கு அந்தக் கேமராவைக் கழற்றும் வேலை ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது பிஓஇ. ஒரே கேட் சிக்ஸ் கேபிளில் மின்சாரமும் போகும், படமும் வரும். இதற்கான முதல் தரநிலை 2003-இல் வந்தது. அதன்படி நெட்வொர்க் சுவிட்சின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 15.4 வாட் வரை கொடுக்கலாம், கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். இரண்டு தெருவைத் தொடும் வீட்டுக்கு அது தாராளம். தேக்கு உத்திரத்தில் ஆணி அடிக்காமல், தாழ்வாரத்து ஓரமாகவே கேபிளைக் கொண்டுபோனோம். ஒரு சின்ன விஷயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் கேமராவுக்குள் நுழைவதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே இறங்காது. இணைப்பை வெறும் டேப் சுற்றி விடாமல் ஜங்ஷன் பாக்ஸில் அடைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் செய்யாத வேலைக்குத்தான் ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஒயர் கேமராவைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. அணில் கேபிளைக் கடிக்கும். படத்துக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனிக் கம்பி உள்ள பழைய 3+1 கேபிள் போட்ட வீட்டில், மின்சாரம் கொடுக்கும் ஓர் எஸ்எம்பிஎஸ் போனால் நான்கு கேமராவும் ஒன்றாகக் கண்ணை மூடும். தூரத்துக் கேட் தூண்வரை ஓடும் செம்புக் கம்பி, பக்கத்தில் இடி விழுந்தால் அந்த அதிர்ச்சியைக் கூடத்தில் இருக்கும் பதிவுப் பெட்டியான டிவிஆர்வரை அழைத்து வந்துவிடும். பேட்டரி கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரண்ட் போனால் ஒயர் கேமரா போச்சு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் பேட்டரி கேமரா விழித்திருக்கும், ஆனால் மோடம் செத்திருக்கும். உள்ளே மெமரி கார்டு போட்டிருந்தால் மட்டும் பதிவு தங்கும். அன்றாட மின்வெட்டுக்கு வழி சுலபம்: டிவிஆர், சுவிட்ச், மோடம் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். மோடத்தை விட்டுவிடுவார்கள், கவனம்.

டிவிஆரை டிவிக்குக் கீழே நீல விளக்கு மினுங்க வைப்பது நம் வழக்கம். திருட வருகிறவன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான். பூட்டுள்ள அலமாரியில், காற்றுப்போகும்படி வையுங்கள். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினோரு நாள் தாங்கும், பிறகு பழையதை அழித்துக்கொண்டு போகும். திருட்டு நடந்து இரண்டு வாரம் கழித்து, உறவினர் வீட்டிலிருந்து திரும்பி வந்து தேடினால் ஒன்றும் இருக்காது. பதிவை வழக்குக்குக் கொடுப்பதென்றால் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்றார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. சம்பவம் தெரிந்த அன்றே பிரதி எடுத்துவிடுவது நல்லது.

பேட்டரி கேமராவுக்கென்றே உள்ள இடங்களும் இருக்கின்றன. வாடகை வீட்டில் ஓனர் துளை போட விடமாட்டார். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் காவல் வேண்டும். ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில், மோட்டார் ஷெட்டுக்குப் பக்கத்தில், 4ஜி சிம் போட்ட சோலார் கேமரா ஒன்று நின்றால் போதும். அங்கே ஒயரைப் பற்றிப் பேசுவது வீண். ஏணி ஏறும் இளைஞர் வீட்டில் இருந்தால், கழற்றி சார்ஜ் போடுவது ஒரு வேலையே இல்லை. அவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

வீட்டுக் காவலுக்குக் கேமரா அமைப்பு ஒன்றை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் ஒரு நர்ஸ். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த தன் கணவரோடு சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை வாங்கினார். கதவுத் துளைகளுக்குப் பின்னால் கேமரா. படம் தெரியும் திரை அவர் படுக்கையறையில். கதவைத் திறக்காமலே வந்தவர் யார் என்று பார்க்கலாம், பேசலாம். வீட்டில் இருக்கிறவர் கண்ணுக்குப் படம் தெரிய வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் ஏற்பாடு. நம் வீடுகளில் அது தலைகீழாகிவிட்டது. பேட்டரி கேமராவின் படம் மகன் போனில் ஓடுகிறது; வாசலில் மணி அடித்தால் அம்மா கதவுச் சந்து வழியாகத்தான் பார்க்கிறார். ஒயர் போட்ட கேமராவின் பெட்டியை வீட்டு டிவியோடு இணைத்துவிடலாம். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் நான்கு பக்கமும் தெரியும். ஆச்சிக்கு இப்போது சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்தால் பின்வாசலைப் பார்க்கும் பழக்கமே வந்துவிட்டது.

அதோடு ஒன்று: கேமரா வாசலையும் கொல்லையையும் பார்க்கட்டும், வளவைப் பார்க்க வேண்டாம். உடம்பு சரியில்லாதவரைக் கவனிக்க என்றால் அது வேறு. அதையும் அவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். தன் வீட்டுக்குள்ளேயே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடமாடும் தாய்மார்களை நான் பார்க்கிறேன். பிள்ளைதானே பார்க்கிறான் என்பார்கள். பிள்ளை மட்டும்தான் பார்க்கிறான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2016-இல் மிராய் என்ற கிருமி நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் வசப்படுத்தியது. கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அது நுழைந்த வழி. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். வெளிநாட்டுப் பெட்டியில் வருகிறவை அந்தச் சோதனை வழியே வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. கேமரா மாட்டிய பையன் சோதித்துப் பார்க்கத் தன் போனிலும் ஆப்பைப் போட்டிருப்பான். வேலை முடிந்ததும் அவன் எதிரிலேயே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

எந்தக் கேமரா வீட்டில் இருந்தாலும் சரி, இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நேற்று மதியம் இரண்டு மணிக்கான பதிவைத் தேடி ஓட்டிப் பாருங்கள். பதிவு இருக்கிறதா, தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா, வந்தவர் முகம் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையிலேயே ஆளைக் கூப்பிடுங்கள்; அம்மாவை ஸ்டூலில் ஏறச் சொல்லாதீர்கள்.