டிராயருக்குள் தூங்கிய காப்பீடு

2025-ல் ரீல்ஸ் புண்ணியத்தில் எங்கள் கூமாப்பட்டி பிரபலமாகிவிட்டது. அதற்கு முன்னால் யாராவது ஊரைக் கேட்டால், ‘வத்திராயிருப்பு பக்கம்’ என்பேன். விழிப்பார்கள். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்’ என்பேன். ‘ஓ... பால்கோவா!’ என்பார்கள். ஆக, பால்கோவாதான் என் விலாசம்!

2014-ல் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரு ராத்திரி, வலது பக்க அடிவயிற்றில் பயங்கர வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் காலி, சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் ஊருக்கு ஃப்ளைட் ஏற்றிவிடுவார் என்று பயந்து, ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தேன். டார்மிட்டரியில் பக்கத்துக் கட்டில் மன்னார்குடி அண்ணன்தான் திட்டினார்: “ஏன்டா தம்பி, சாகவா இங்கே வந்தே? உன் பேர்ல முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்தாகணும்டா. அது இங்கே சட்டம்!”

நிஜம்தான். வொர்க் பர்மிட் தொழிலாளிக்கு முதலாளி தன் காசில் எடுக்கவேண்டிய மருத்துவ இன்ஷூரன்ஸ், அன்றைக்கு வருஷத்துக்குக் குறைந்தது 15,000 வெள்ளி. 2023 ஜூலையிலிருந்து 60,000. எனக்கு அப்பெண்டிக்ஸ் போச்சு; உயிர் தங்கிச்சு.

இப்போது ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் கிளார்க். போன மாசம் ஒடிசா பையன் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னப்பா?”

“ஒண்ணும் இல்லே சார். நாளைக்குச் சரியாப் போகும்.”

எனக்கு நன்றாகப் பழக்கமான பொய்! பைக்கில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எந்த ஊர்க்காரன் என்று பார்க்காமல் வைத்தியம் நடந்தது. கிட்னியில் கல். டாக்டர், “பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தேவைப்படலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா?” என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. ஆறு மாசத்துக்கு மேல் இங்கே வசிக்கும் வெளி மாநிலத்தவர்கள், உரிய சான்று காட்டினால் அந்தத் திட்டத்தில் சேரலாம். வருமான வரம்பு கிடையாது. முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் அப்படியே. பக்கத்துக் கேரளாவில் 2017-லேயே வெளி மாநிலத் தொழிலாளிகளுக்கென்று ‘ஆவாஸ்’ என்று தனித் திட்டமே வந்தாச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். பையன்கள் சான்றுக்காகக் கொடுத்த பதினொரு பேப்பர்கள், மூணு மாசமாக என் டிராயரில்தான் தூங்கின. ‘மார்ச் முடியட்டும்’ என்று நான்தான் போட்டு வைத்திருந்தேன். சிங்கப்பூரில் எனக்காக ஒரு கிளார்க் இப்படித் தூங்கியிருந்தால்..?

மறுநாள் டிராயரைத் திறந்தேன். மேல் பேப்பரில் டீ கிளாஸ் வட்டம். அதைத் துடைத்துவிட்டு பையனைக் கூப்பிட்டு, விடுபட்டதை நிரப்ப ஆரம்பித்தேன்.

“சொந்த ஊர்?”

சொன்னான். விழித்தேன்.

“அது எங்கேப்பா இருக்கு?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

“ரசகுல்லா பேமஸ் சார்!”