நவச்சாரப் புகையும் ஒரு எடைக் கணக்கும்

ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பாத்திரத்தைக் கரி அடுப்பில் வைத்து, துருத்தி போட்டு நன்றாகச் சூடேற்றுவார். ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும். ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்று சுற்றினால் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். (ஈயம் என்று சொன்னாலும் பூசுவது வெள்ளீயம்தான். வெறும் ஈயம் நஞ்சு.) செவிலிமேடு, காஞ்சிபுரம் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தெருவிலும் ஒரு காலத்தில் பார்த்திருக்கலாம். எவர்சில்வர் வந்தபிறகு அபூர்வமாகிவிட்டது.

அந்தப் பொடி நவச்சாரம். பாடப்புத்தகத்தில் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்று இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. இரண்டாவது வாயு பாத்திரத்தின் கறையை நீக்குகிறது. மேலே போய் ஆறியதும் இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. நாம் பார்க்கும் வெண்புகை அதுதான்.

இந்தப் புகைதான் 19-ஆம் நூற்றாண்டில் வேதியியலுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது! ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் நவச்சார ஆவி ஹைட்ரஜனைப் போல 26.75 மடங்கு கனமாக இருக்க வேண்டும். அளந்தால் கிட்டத்தட்ட பாதிதான் வந்தது. அவகாட்ரோ சொன்னதே தப்பு என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு இது போதாதா?

1857-இல் பிரான்சின் டெவில், சூட்டில் சேர்மங்கள் பிரிவதைக் காட்டி அதற்குப் பெயரும் வைத்தார். அதைத் தொடர்ந்து கன்னிசாரோ, கோப், கெகுலே ஆகியோர் சொன்ன பதில் இதுதான்: ஒன்று இரண்டாக உடைந்திருக்கிறது, அதனால்தான் அடர்த்தி பாதி.

காமர்ஸ் படிப்பவர்களே, ஓடாதீர்கள். இது சரக்குக் கணக்குதான். கிடங்கில் 100 பை பட்டு நூல், பைக்கு 46 கிராம். மொத்தம் 4600. யாரோ சில பைகளைப் பிரித்து இரண்டிரண்டாகக் கட்டிவிட்டார்கள். இப்போது சராசரி எடை 38.3 கிராம். 4600-ஐ 38.3-ஆல் வகுத்தால் 120 பை. அதாவது 20 பை உடைந்திருக்கிறது. ஒரு பையையும் திறந்து பார்க்கவில்லை!

இந்த எண்கள் சும்மா போட்டவை அல்ல. டைநைட்ரஜன் டெட்ராக்சைடு உடையாமல் இருந்தால் ஆவி அடர்த்தி 46. சுமார் 27 டிகிரியில் அளந்தால் 38.3. இருக்க வேண்டியதிலிருந்து அளந்ததைக் கழித்து, அளந்ததால் வகுத்தால் 0.20. இதுதான் பிரிகை வீதம். ஒன்று மூன்றாக, நான்காக உடைந்தால், துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அதாலும் வகுக்க வேண்டும். நவச்சாரத்துக்குப் போட்டால் விடை ஏறக்குறைய 1. முழுசாகப் பிரிந்துவிட்டது.

ஆனால் ஒரு ஆடிட்டர் இங்கே சும்மா விடமாட்டார். விதியே தப்பாக இருந்தாலும் இதே பாதி வருமே? நியாயமான கேள்வி. 1862-இல் பேபால் என்பவர் நவச்சார ஆவியைக் கல்நார் அடைப்பு வழியாகக் கசியவிட்டார். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17, மற்றதற்கு 36.5. லேசானது முந்திக்கொண்டு வெளியேறியது. ஒரு பக்கம் லிட்மஸ் நீலமானது, இன்னொரு பக்கம் சிவப்பானது. இரண்டு வாயுக்கள் இருப்பது கண்ணுக்கே தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், பிரிகைக்குப் பெயர் வைத்த டெவிலே இதை ஏற்காமல் வாதாடிக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கு கைவிடும் இடமும் உண்டு. ஹைட்ரஜன் அயோடைடில் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து, ஒரு ஹைட்ரஜனும் ஒரு அயோடினுமாக மாறுகின்றன. இரண்டு பை போய் இரண்டு பை. எவ்வளவு பிரிந்தாலும் ஆவி அடர்த்தி அதே 64. எடை பார்த்துப் பயனில்லை. 1890-களில் ஜெர்மனியின் போடன்ஸ்டைன், வாயுவை மூடிய கண்ணாடிக் குமிழ்களில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, திறந்து சோதித்துத்தான் அந்த அளவைக் கண்டுபிடித்தார்.