நீ என்னும் ஆணை

1793ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பாரிஸ் நகரில் ஒரு முன்னிலைச் சொல் அரசியல் வழக்காக மாறியது. பிரெஞ்சு மொழியில் 'தூ', 'வூ' என இரு சொற்கள் உண்டு. ஏறத்தாழத் தமிழின் 'நீ', 'நீங்கள்' போன்றவை. எசமானன் வேலையாளைத் 'தூ' என்பான். வேலையாளோ 'வூ' என்றே மறுமொழி கூற வேண்டும். முடியாட்சி ஒழிந்த குடியரசில் இந்த ஏற்றத்தாழ்வு மட்டும் ஏன் நாவில் தங்க வேண்டும் என்று மக்கள் சங்கங்கள் அன்றைய நாடாளுமன்றமாகிய தேசிய மாமன்றத்திடம் முறையிட்டன. எல்லாரும் எல்லாரையும் 'தூ' என்றே விளிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாமன்றம் அதைக் கட்டாயச் சட்டமாக்கவில்லை; ஆயினும் அதிகாரம் மிக்க பொதுப் பாதுகாப்புக் குழு தன் கடிதங்களில் 'தூ'வை ஏற்றது. 'ஐயா' என்னும் பொருள்தரும் 'மொசியே' ஒதுங்கி, 'குடிமகன்' என்னும் விளி வந்தது. 1794 ஜூலையில் ரோபஸ்பியர் வீழ்ந்த பின்னர், 'வூ' மெல்லத் திரும்பிவிட்டது.

அதே மாமன்றம் காலத்தையும் புதிதாக வகுக்க முனைந்தது. 1793இல் வந்த குடியரசு நாட்காட்டியில் வாரத்துக்குப் பத்து நாள். ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்திருந்த உழைப்பாளி, இனிப் பத்து நாளுக்கு ஒருமுறை ஓய வேண்டும். மாதங்களுக்கு அழகிய பெயர்களைச் சூட்டிய கவிஞர் ஃபாப்ர் தெக்லாந்தீன் 1794 ஏப்ரலில் கில்லட்டினில் தலையிழந்தார். 1806 ஜனவரி 1 முதல் பழைய நாட்காட்டியை நெப்போலியன் மீட்டார்.

புரட்சியால் எதுவும் நிலைப்பதில்லை என்போருக்கு இவை வாய்ப்பான சான்றுகள். மன்னனை வீழ்த்திய நாடு 1804இல் பேரரசனைப் பெற்றது. 1814இல் பழைய அரச மரபே திரும்பியது. நடுவண் அதிகாரக் குவிப்பு பழைய ஆட்சியிலேயே வேர்விட்டதென்றும், புரட்சி அதை வளர்த்ததென்றும் தொக்வில் 1856இல் எழுதினார். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் 1795 ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட ஒரு சட்டம் வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு நாளைப் பத்து மணியாகவும் ஒரு மணியை நூறு நிமிடமாகவும் பகுத்த புதிய கடிகார முறையை அச்சட்டம் நிறுத்திவைத்தது. மீட்டர், லிட்டர், கிராம் ஆகிய அலகுகளை நிறுவியதும் அதே சட்டந்தான். ஒன்று வழக்கொழிந்தது, மற்றொன்று உலகெங்கும் பரவியது.

பழைய கடிகாரத்தைப் பற்றி எவரும் குறைகூறியிருக்கவில்லை. அளவைகளைப் பற்றியோ, 1789இல் ஊர்தோறும் திரட்டப்பட்ட குறைப்பதிவேடுகளில் முறையீடுகள் இருந்தன. ஊருக்கு ஊர் மரக்கால் மாறியது. பண்ணைப்பிரபு தன் மரக்காலால் உழவனின் தானியத்தை அளந்து வாங்கினான். நாடு முழுமைக்கும் ஒரே அளவை என்பது உழவன் ஏற்கெனவே கேட்டிருந்த ஒன்று. அவ்வாறிருந்தும் பழக்கமில்லாத புதுப்பெயர்களைச் சந்தை உடனே ஏற்கவில்லை. 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களுக்கு இடங்கொடுத்தார். மீட்டர் முறை முழுமையாகக் கட்டாயமானது 1840இல்தான். சட்டத்துக்கும் சந்தைக்கும் இடையே 45 ஆண்டுகள் கழிந்தன.

அவ்வாறாயின், மக்கள் வேண்டியது பிந்தியேனும் நிலைக்கும் என்று முடிவு செய்யலாமா? பிரெஞ்சுக் குடியேற்றங்களின் வரலாறு அவ்வளவு எளிய ஆறுதலை அளிப்பதில்லை. சேன் தொமாங் தீவில் அடிமைப்பட்டோர் 1791இலேயே கிளர்ந்தெழுந்தனர். 1794 பிப்ரவரி 4 அன்று மாமன்றம் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீட்கப் படை அனுப்பினார். சேன் தொமாங்கில் அப்படை தோற்றது. 1804இல் ஹைத்தி விடுதலை பெற்றது. குவாதலூப்பிலோ, தெல்கிரெசும் அவருடைய தோழர்களும் சரணடையாது மாண்டனர். அங்கு அடிமைமுறை மீண்டு 1848வரை நீடித்தது. இரு தீவுகளிலும் மக்கள் உயிர்கொடுத்தே போராடினர். ஒன்று வென்றது, மற்றொன்றில் 46 ஆண்டுகள் மனிதர் மீண்டும் உடைமையாயினர். வென்ற ஹைத்தியிடமும் முன்னாள் உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 15 கோடி ஃபிராங்கை 1825இல் பிரான்சு கோரியது. புரட்சி நிலைத்ததா என்னும் வினாவை யாரிடம், எந்த ஆண்டில் கேட்பது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இந்த எச்சரிக்கையோடு அந்த முன்னிலைச் சொல்லை மீண்டும் நோக்கலாம். 'வூ' திரும்பியது உண்மை. ஆனால் அது பழைய இடத்திலேயே தங்கிவிடவில்லை. விளிச்சொற்களில் அதிகாரமும் நெருக்கமும் எவ்வாறு இயங்குகின்றன என்று 1960இல் ஆராய்ந்த பிரவுன், கில்மன் இருவரும், மேலிருப்பவன் 'தூ' என்ன, கீழிருப்பவன் 'வூ' என்னும் ஒருதலை வழக்கு ஐரோப்பிய மொழிகளில் படிப்படியாகத் தேய்ந்ததைக் காட்டினர். இன்று பிரான்சில் உணவகத்துக்கு வருபவரும் அங்கே பரிமாறுபவரும் ஒருவரையொருவர் 'வூ' என்கின்றனர். 1793இன் புரட்சியாளர் எல்லாரையும் 'நீ' என்றழைத்துச் சமத்துவம் காண முயன்றனர். பின்வந்த தலைமுறைகள் எல்லாரையும் 'நீங்கள்' என்றழைத்து அதனை அணுகின. எந்த ஆணையும் இதைச் செய்யவில்லை. ஆயினும் ஒரு சொல்லுக்குள் அநீதி குடியிருக்கக் கூடும் என்பதை நாடாளுமன்ற வாயிலில் நின்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் அந்தத் தோற்ற மனுதாரர்களே.

இந்திய அரசமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது அதன் 14ஆம் உறுப்பு. அந்த உறுப்பைப் பாடமாகக் கற்பிக்கும் வளாகங்களிலேயே, தம்மினும் முப்பது வயது மூத்த துப்புரவுத் தொழிலாளியை மாணவர் 'தும்' என்கின்றனர், 'நீ' என்கின்றனர். அவரோ 'ஆப்' என்றும் 'நீங்க' என்றும் விடையிறுக்கிறார். இதை மாற்ற மாமன்றமும் ஆணையும் வேண்டியதில்லை. நாளைக் காலை வகுப்பறையைப் பெருக்க அவர் வருவார்.